அருகில் நிற்பவன் கடமை

2021-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் கால்பந்துப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்டியன் எரிக்சன் என்ற 29 வயது ஆட்டக்காரர், எவரும் மோதாமலே தரையில் சாய்ந்தார். அவருடைய இருதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே மார்பை அழுத்தினார்கள். மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே அதிர்ச்சியில் உயிர் மீண்டது என்று அந்தக் கோஷ்டியின் வைத்தியர் மறுநாள் தெரிவித்தார். எட்டு மாதங்களுக்குப் பின், 2022 பிப்ரவரியில், எரிக்சன் மறுபடியும் பந்தயத்தில் இறங்கி ஆடினார்.

உலகம் வியந்தது. தெய்வச் செயல் என்றனர் பலர். அதிர்ஷ்டம் என்றனர் சிலர். தெய்வத்தின் கருணையைப்பற்றி வாதாடுவது நமது நோக்கமன்று. ஆயினும், அன்று அந்த மைதானத்தில் பயிற்சி பெற்ற கைகளும், மின்சார இயந்திரமும், தயங்காத மனமும் ஒருங்கே இருந்தன. இவை மூன்றும் மனிதர் முன்கூட்டிச் செய்துவைத்த ஏற்பாடுகள். இருதயம் நின்றவன் பிழைப்பதும் பிழையாததும் பெரிய ஆஸ்பத்திரியின் திறமையைப் பொறுத்தது என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். முதல் சில நிமிஷங்களில் அருகில் நின்றவன் என்ன செய்தான் என்பதையே அது பெரிதும் பொறுத்திருக்கிறது. எனவே, இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று ஒதுக்கத் தக்கதன்று. பள்ளிக்கூடத்துக்கும், நகரசபைக்கும், சட்டசபைக்கும் உரிய விஷயம் என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். மாரடைப்பு வேறு; இருதயம் நின்றுபோவது வேறு. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது மார்பு வலிக்கும், வியர்க்கும். ஆனால் நோயாளி பெரும்பாலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பான். இருதயம் நின்றுவிட்டாலோ, அவன் சில விநாடிகளில் நினைவிழந்து விழுவான், மூச்சு நிற்கும். மாரடைப்பு இதற்கு ஒரு முக்கியமான காரணம். அதுவே ஒரே காரணமன்று. திடீரென்று இவ்வாறு விழுவோரில் பலருக்கு, இருதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, புழுக்கூட்டம் நெளிவது போல் வெறுமே நடுங்கிக்கொண்டிருக்கும். இருதயத்தை இயக்கும் மின்னோட்டத்தில் ஏற்பட்ட குழப்பமே இந்த நடுக்கம். அந்நிலையில் ஒரு துளி இரத்தமும் மூளைக்கு ஏறாது. நான்கு, ஐந்து நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்கும்.

டிஃபிப்ரிலேட்டர் என்ற இயந்திரம் இந்த நடுக்கத்துக்கே மருந்து. அது செலுத்தும் மின்சாரம் குழம்பிய ஓட்டத்தை ஒரே கணத்தில் அடக்கிவிடுகிறது. இருதயம் தன் இயற்கையான தாளத்தை மீண்டும் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆனால், சலனம் சிறிதும் இன்றி முற்றும் அடங்கிய இருதயத்துக்கு அந்த அதிர்ச்சி பயன்படாது. நடுக்கமும் நெடுநேரம் நீடிப்பதில்லை. நிமிஷங்கள் செல்லச்செல்ல அது தணிந்து அடங்கிவிடும். எனவேதான் விரைவு வேண்டும் என்கிறோம். மார்பை அழுத்துவதனால் இருதயம் தானே ஓடத் தொடங்குவது அபூர்வம். இயற்கையில் பாயும் இரத்தத்தில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் அதனால் ஓடும். ஆனால் அந்தச் சிறு பங்கே மூளையைக் காத்து, நடுக்கம் அடங்கிவிடாமல் நிறுத்தி, இயந்திரம் வந்து சேரும்வரை அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது.

இம்முறை பழங்காலத்தது அன்று. 1960-ல் அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் இதை வெளியிட்டார்கள். அவர்களில் கௌவன்ஹோவன் வைத்தியரல்லர், மின்சார என்ஜினீயர். நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தி வைத்தபோது இரத்த அழுத்தம் சற்று ஏறியதை நிக்கர்பாக்கர் கவனித்தார்; அதிலிருந்து பிறந்தது இந்த முறை. அதற்கு முன்னர், நின்ற இருதயத்தைப் பிடித்து இயக்க வேண்டுமானால் மார்பைக் கத்தியால் பிளந்தாக வேண்டும். 1960-க்குப் பின் இரண்டு கைகள் இருந்தால் போதும் என்றாயிற்று. அன்று முதல் இவ்வித்தை வைத்தியரின் தனியுடைமையாக இருக்கும் நியாயம் ஒழிந்தது.

நிற்க. பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே இருதயம் நின்று, அவசர உதவிக்காரர்களின் சிகிச்சைக்கு உட்பட்டவர்களில், அமெரிக்கா போன்ற செல்வ நாட்டிலேயே ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருவரே உயிருடன் வீடு திரும்புகிறார். நாடகம் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், டெலிவிஷன் தொடர்களில் இவ்வாறு மார்பை அழுத்தும் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 75 பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள்; 67 பேர் ஆஸ்பத்திரியை விட்டு வீடு திரும்பியதாகத் தோன்றியது. திரையில் உயிர் மலிவாகக் கிடைக்கிறது, தெருவில் அப்படியன்று.

பத்தில் ஒருவர்தானே என்று கைவிரிப்பவர்களும் உண்டு. திரைக்கதையின் பொய் நம்பிக்கைக்கு நேர் எதிரான பொய் இது. தீங்கிலும் அதற்குக் குறைந்ததன்று. பத்தில் ஒருவர் என்பது எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த கணக்கு. யாரும் பாராமல் தனியே விழுந்து கிடந்தவனும், பத்துப் பேர் நடுவில் விழுந்தவனும் அதில் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் வேறு சித்திரம் தோன்றுகிறது. நடுக்கம் உள்ள இருதயத்துக்கு, மார்பை அழுத்துவார் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கைத் தின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் கழிந்தால் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த நஷ்டம் நிமிஷத்துக்கு 3, 4 பங்காகக் குறைகிறது. ஸ்வீடன் தேசத்தில் 1990 முதல் 2011 வரை, பிறர் கண்ணெதிரே இருதயம் நின்றுபோன 30,381 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஆம்புலன்ஸ் வருமுன் மார்பை அழுத்தப் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.5 பேர் முப்பது நாள் தாண்டியும் உயிருடன் இருந்தார்கள். அழுத்தப் பெறாதவர்களில் 4 பேரே இருந்தார்கள்.

இயந்திரமும் உடனே கிடைத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை அளித்த இடம் விசித்திரமானது. வைத்தியசாலையுமன்று, தர்ம ஸ்தாபனமுமன்று. அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகள்! அங்குள்ள காவல் சிப்பந்திகளுக்கு இயந்திரத்தைக் கையாளும் பயிற்சி அளித்தார்கள். விளைவு 2000-ல் வெளியாயிற்று. இருதயத்தில் நடுக்கம் காணப்பட்ட 105 பேரில் 56 பேர், அதாவது நூற்றுக்கு 53 பேர், பிழைத்து வீடு சென்றார்கள். பிறர் பார்க்க விழுந்தவர்களில், மூன்று நிமிஷத்துக்குள் முதல் அதிர்ச்சி பெற்றவர்கள் நூற்றுக்கு 74 பேர் பிழைத்தார்கள். மூன்று நிமிஷம் கடந்தபின் பெற்றவர்கள் 49 பேர். காவலர்கள் அதிர்ச்சி கொடுக்கச் சராசரி 4.4 நிமிஷம் ஆயிற்று. பயிற்சி மிகுந்த அவசர வைத்திய உதவிக்காரர்கள் வந்து சேர 9.8 நிமிஷம் ஆயிற்று. வாசகர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து யோசிக்க வேண்டுகிறோம். உதவிக்காரர்கள் சோம்பியிருக்கவில்லை, செல்வம் நிறைந்த நகரத்தில், நல்ல சாலையில், விரைந்தே வந்தார்கள். அவர்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த 56 பேரில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள்?

சூதாட்ட விடுதியில் ஏன் இது பலித்தது என்பதிலும் பாடம் இருக்கிறது. பணத்தைக் காக்க அங்கே மூலை முடுக்கெல்லாம் காமிராக்கள். இமை கொட்டாத காவலர்கள். விழுந்தவன் விழுந்த கணமே கண்ணில் படுகிறான். பணத்தின்மேல் வைத்த கண் உயிரையும் காத்தது. அதே கண்ணை உயிரின் பொருட்டே நம் ரயில் நிலையங்களிலும், சந்தைகளிலும், கோயில் திருவிழாக்களிலும் வைக்க முடியாதா?

"படிப்பறியாதவன் மின்சாரத்தைத் தொட்டால் விபரீதம் விளையாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்காலத்து இயந்திரம் தானே இருதயத்தின் நிலையைச் சோதித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று தீர்மானிக்கிறது. தேவையில்லாதவனுக்கு அதிர்ச்சி கொடுக்க அது இடங்கொடுப்பதில்லை. செய்ய வேண்டியதைக் குரலில் சொல்லியும் கொடுக்கிறது. சிக்காகோ நகரத்தின் விமான நிலையங்களில், விரைந்து நடந்தால் 60 முதல் 90 விநாடிக்குள் எட்டும் தூரத்தில் இவ்வியந்திரங்களை வைத்தார்கள். இரண்டு வருஷங்களில் நடுக்கம் கண்ட 18 பேரில் 11 பேர் உயிர் மீண்டார்கள். அவர்களில் 10 பேர் ஒரு வருஷத்துக்குப் பின்னும் நலமாக இருந்தார்கள். அந்தப் பதினொருவரில் ஆறு பேரைக் காப்பாற்றியவர்கள், அந்த இயந்திரத்தில் பயிற்சியோ அநுபவமோ இல்லாதவர்கள். அவர்களில் மூவர் மட்டும் வைத்தியப் பட்டம் பெற்றவர்கள். அவ்வழி சென்ற பிரயாணிகளும் சிப்பந்திகளும் தாமாக முன்வந்து செய்த காரியம் இது.

தனி ஸ்தலங்களில் பலித்தது ஒரு தேசம் முழுவதும் பலிக்குமா? டென்மார்க் இதற்குச் சான்று. அந்நாட்டில் 2005 முதல் ஆரம்பப் பள்ளிகளிலேயே உயிர் மீட்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2006 முதல் மோட்டார் ஓட்ட லைசென்ஸ் கேட்பவனும் அதைக் கற்றாக வேண்டும் என்று விதித்தார்கள். 2001-ல், இருதயம் நின்று விழுந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தவர்கள் மார்பை அழுத்தினார்கள். 2010-ல் அது ஏறக்குறைய 45 ஆயிற்று. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5-லிருந்து 10.8 ஆக உயர்ந்தார்கள், மும்மடங்கு. வைத்திய வசதிகளும் அக்காலத்தில் வளர்ந்தன. எல்லாப் புகழும் பயிற்சிக்கே என்று சொல்வது நேர்மையன்று. ஆனால் ஒரு தேசம் மனம் வைத்தால் பத்து வருஷத்துக்குள் அதன் ஜனங்கள் வேடிக்கை பார்ப்பதை விட்டு உதவ முன்வருவார்கள் என்பது இதனால் ருசுவாகிறது. எரிக்சன் விழுந்த மைதானத்துக்கு வெளியே, பேரும் புகழும் இல்லாத எத்தனையோ டேனிஷ் குடிகளுக்கும் அந்த ஏற்பாடு பயன்பட்டது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பிழைத்தவன் மூளை கெட்டு நடைப்பிணமாகக் கிடப்பானே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. டென்மார்க்கில் 2001 முதல் 2012 வரை முப்பது நாள் தாண்டிப் பிழைத்த 2,855 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். மூளைச் சேதம் அடைந்தவர்களும் பராமரிப்பு இல்லம் சேர்ந்தவர்களும் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. அருகிலிருந்தவர்களின் உதவி பெற்றவர்களுக்கு அந்த ஆபத்து மேலும் குறைந்தது. எனவே, உடனே கைகொடுப்பது உயிரை மட்டுமன்று, உணர்வையும் காக்கிறது.

இயந்திரத்தை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று அதிகாரிகள் எண்ணிவிடலாகாது. 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், முன்பே மாரடைப்புக் கண்ட 7,001 பேரில் ஒரு பாதியினரின் வீடுகளில் இயந்திரத்தைக் கொடுத்தார்கள். இரு சாராரிலும் மரணக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் விழுந்தவர்களில் பலர் விழுவதைப் பார்க்க ஒருவரும் இல்லை. கருவி இருந்தும் அதை எடுக்கக் கை இல்லை. கோபன்ஹேகனிலேயே, மாலையிலும் இரவிலும் விடுமுறையிலும் கட்டிடங்கள் பூட்டப்படுவதனால், பொது இடங்களிலுள்ள இயந்திரங்களின் பயன் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது என்று 2013-ல் கண்டார்கள். பூட்டிய அறைக்குள் இருக்கும் இயந்திரம் யாருக்கு உதவும்?

இயந்திரத்தைவிடப் பெரிய பூட்டு ஒன்று மனிதர் மனத்தில் இருக்கிறது. "நமக்கேன் வம்பு? கேஸில் மாட்டிக்கொள்வோம்" என்ற அச்சமே அது. இதனை நீக்குவது சட்டத்தின் வேலை. அமெரிக்கா 2000-ம் வருஷத்தில், நல்லெண்ணத்துடன் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவனுக்குக் காப்பளித்துச் சட்டம் செய்தது. ஜப்பான் 2004 ஜூலையில் பொதுஜனங்கள் இதைக் கையாள அநுமதித்தது. அங்கே பிறர் பார்க்க விழுந்து நடுக்கம் கண்டவர்களில், பொது இயந்திரத்தால் அதிர்ச்சி பெற்றவர்கள் 2005-ல் நூற்றுக்கு 1.1, 2013-ல் 16.5. அவ்வாறு பெற்றவர்களில் நூற்றுக்கு 38.5 பேர் மூளை நலத்துடன் ஒரு மாதம் தாண்டினார்கள்; பெறாதவர்களில் 18.2 பேரே தாண்டினார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவனுக்கு நல்லெண்ணத்துடன் உதவுகிறவன்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ செல்லாது என்று தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டுமே உரியது. பஸ் நிலையத்தில் ஒருவன் லாரி மோதி விழுந்தால் அவனுக்கு உதவுகிறவனை அந்தப் பிரிவு காக்கும். அதே இடத்தில் இன்னொருவன் இருதயம் நின்று விழுந்தால், உதவுகிறவனுக்காக அது வாய் திறவாது. பாரதீய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவின் வழி வந்தது. சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் இருப்பவனுக்கு, அவன் நன்மையைக் கருதி நல்லெண்ணத்துடன் செய்த காரியத்தால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்று அது விதிக்கிறது. எனவே, மார்பை அழுத்தும்போது விலா எலும்பு முறிந்ததற்காகச் சிறை புகுவோமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அது தண்டனைச் சட்டம். நஷ்ட ஈட்டு வழக்கைப் பற்றி அது பேசுவதில்லை. 134-ஏ பிரிவின் காப்பை, எக்காரணத்தால் விழுந்தவனுக்கும் உதவுகிற எவருக்கும் விரிக்க வேண்டும். ஒரு சிறு திருத்தம் போதும்; கஜானாவுக்குக் காலணாச் செலவில்லை.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது இவ்வளவே. விழுந்தவனை அழைத்துப் பார். பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இருதயம் நின்றதாகவே கொள். இடையிடையே மீன் வாய் திறப்பது போல் ஏங்கி இழுக்கும் மூச்சை மூச்சென்று எண்ணி ஏமாறலாகாது. ஒருவர் 108-க்குத் தெரிவிக்கட்டும். இன்னொருவர் இயந்திரம் இருந்தால் கொண்டுவர ஓடட்டும். நீ மார்பின் நடுவில், ஒரு கைமேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல், இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்து. ஒவ்வொரு தடவையும் மார்பு மீண்டும் எழ விடு. இயந்திரம் வந்தால் அது சொல்வதைக் கேள். உதவி வரும்வரை நிறுத்தாதே. களைத்தால் அடுத்தவனிடம் ஒப்படை. விழுந்தவர் பெண்மணியாக இருந்தாலும் இதே கடமைதான். அமெரிக்காவில் பொது இடங்களில் விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கு உதவி கிடைத்தது, பெண்களில் 39 பேருக்கே கிடைத்தது என்று 2018-ல் கண்டார்கள். கூச்சத்தால் ஓர் உயிரை இழப்பது எந்த நாகரிகத்துக்கும் பெருமையன்று.

பள்ளி இறுதி வகுப்பை அடையும் ஒவ்வொரு பிள்ளையும் இதைக் கற்க வேண்டும். லைசென்ஸ் கேட்பவன் கற்க வேண்டும். போலீஸாரும், பஸ் கண்டக்டர்களும், ரயில்வே சிப்பந்திகளும் கற்க வேண்டும். கூட்டம் கூடும் இடங்களில் இயந்திரம் இருக்க வேண்டும். அது பூட்டின்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். தேச ஊழியம் செய்ய வந்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். மாலை நேரக் கூட்டம் ஒன்றை ஒதுக்கி, ஒரு வைத்தியரை அழைத்து, உங்கள் பேட்டையில் ஐம்பது பேருக்கு இதைக் கற்பியுங்கள். இருதயங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே நிற்கின்றன. கற்றவன் பெரும்பாலும் காப்பாற்றப்போவது அந்நியனை அல்ல. தன் தகப்பனை, தன் மனைவியை, தன் தமையனை.